மூவெட் தேர்வு: பயந்து ஒதுங்க வேண்டிய தடையா, பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வாய்ப்பா?

எஸ்பிஎம் முடிவு வெளிவந்ததும் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதுதான். அடுத்து ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, டிப்ளோமாவா என்ற பேச்சு தொடங்கும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் ஒரு தேர்வைப் பற்றி மட்டும் பெரும்பாலான பெற்றோர் வாய் திறப்பதில்லை. அதுதான் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு. மாணவர்கள் அதைச் சுருக்கமாக மூவெட் என்பார்கள்.

எஸ்டிபிஎம் எழுதினாலும் சரி, மெட்ரிகுலேஷன் படித்தாலும் சரி, டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு மனு செய்தாலும் சரி, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும் மாணவர் மூவெட் முடிவைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் குறைந்தபட்சம் இந்த பேண்ட் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் அந்த அளவு உயரும். மற்ற பாடங்களில் நல்ல புள்ளி வாங்கியும், இந்த ஒரு தேர்வில் அரை பேண்ட் குறைந்ததால் விரும்பிய துறைக்கு மனு செய்ய முடியாமல் போகலாம்.

ஆகவே மாணவர்களிடையே இந்தத் தேர்வின் மீது ஒரு நடுக்கம் இருப்பதில் வியப்பில்லை. தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் அந்த நடுக்கம் இன்னும் அதிகம். "எனக்கு இங்கிலீஷ் வராது, மூவெட்ல மாட்டிக்குவேன்" என்று சொல்லி ஆறாம் படிவத்தையே தவிர்ப்பவர்களும் உண்டு. இந்த நிபந்தனை நியாயமானதா, இதனால் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் உண்டா என்பதை நாம் நிதானமாக அலசிப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது இந்தத் தேர்வு?

மூவெட் 1999-ஆம் ஆண்டு அறிமுகமானது. எஸ்டிபிஎம் தேர்வை நடத்தும் மலேசியத் தேர்வு மன்றம்தான் இதையும் நடத்துகிறது. அதன் பின்னணியை அறிய இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1970-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் தொடங்கி, நாட்டின் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. 1980-களின் தொடக்கத்தில் தீபகற்பத்தில் அந்த மாற்றம் ஆறாம் படிவத்தையும் எட்டியது. ஆங்கிலம் பயிற்று மொழி என்ற நிலையிலிருந்து ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த புத்தகங்கள் மாறவில்லை. மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் ஆகிய துறைகளின் நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருந்தன. தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வும் ஆங்கிலத்திலேயே நடந்தது.

இந்த மாற்றம் எல்லாத் தமிழர்களையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பெற்றோர் வீட்டில் ஆங்கிலத்தைக் காப்பாற்றிக்கொண்டனர். பிள்ளைகளுக்கு அது சோற்றோடு சேர்ந்து வந்தது. தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே ஆங்கிலம் என்பது ஆபீஸ் மொழி. துரைக்கும் கிராணிக்கும் நடுவில் புழங்கிய மொழி. பால்மரம் சீவியவரின் வீட்டுக்குள் அது நுழைந்ததே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகும் அந்த இடைவெளி தொடர்ந்தது.

பின்னர் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் வந்தது. அதைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. கொள்கை இப்படி முன்னும் பின்னும் ஆடியதில் நடுவில் சிக்கியவர்கள் வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைகள்தாம். வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளி, டியூஷன் என்று வழி தேடிக்கொண்டனர்.

பயம் ஏன் இவ்வளவு?

இந்தப் பயத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கல்வி முறை அமைந்திருக்கும் விதமே ஒரு முக்கியக் காரணம்.

எஸ்பிஎம் சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2016 முதல் ஆங்கிலத்தையும் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக்கும் திட்டம் இருந்தது. ஆனால் பள்ளிகளும் மாணவர்களும் இன்னும் தயாராகவில்லை என்பதால் 2015-இல் அது ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு என 11 ஆண்டுகளை ஆங்கிலத்தில் தேறாமலேயே கடந்து வந்துவிட முடியும். புகுமுக வகுப்புக்குப் போனவர்களுக்கு அது 12 ஆண்டு. யாரும் தடுக்க மாட்டார்கள். முதல் முறையாகக் கதவு சாத்தப்படுவது பல்கலைக்கழக வாசலில்தான். அதுவரை "பரவாயில்லை" என்று சொல்லி வந்த கல்வி முறை, 19 வயதில் திடீரென்று "போதாது" என்கிறது. பயம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது காரணம், நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. தமிழ்ப்பள்ளியில் தமிழ். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாப் பாடமும் மலாய். அந்த முதல் இரண்டு ஆண்டு மலாயில் ஊன்றிக்கொள்வதிலேயே கழிகிறது. ஆங்கிலம் வாரத்துக்குச் சில பாட வேளைகளோடு நின்றுவிடுகிறது. வகுப்புக்கு வெளியே அதைப் பேச வாய்ப்பில்லை.

மூன்றாவது காரணத்தை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நம்மிடையே இருக்கும் கேலி. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவன் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச முயன்றால், "பெரிய துரை மகன்" என்று சிரிப்பார்கள். தப்பாகப் பேசினால் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பேசினாலும் கேலி, தவறினாலும் கேலி என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்வதே பாதுகாப்பு என்று முடிவெடுக்கிறான். பல ஆண்டு மூடிய வாயைத் தேர்வு அறையில் திடீரென்று திறக்கச் சொல்கிறோம்.

தேர்வில் என்னதான் கேட்கிறார்கள்?

மூவெட் தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டு இந்தத் தேர்வில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலான சிஇஎஃப்ஆருக்கு ஏற்பத் தேர்வு திருத்தப்பட்டது. 2.5, 3.5, 4.5 என அரை பேண்டுகள் வந்தன. உச்ச நிலை 5+ ஆனது. அதைவிட முக்கியமாக, புள்ளிப் பங்கீடு மாறியது.

முன்பு மொத்தம் 300 புள்ளி. அதில் வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கு 45, பேச்சுக்கு 45. கேட்டலும் பேச்சும் சேர்ந்து மொத்தத்தில் 30 விழுக்காடு மட்டுமே. பேச்சில் சொதப்பினாலும் வாசிப்பில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற தெம்பு மாணவர்களுக்கு இருந்தது. இப்போது மொத்தம் 360 புள்ளி. நான்கு பகுதிக்கும் தலா 90. அதாவது காதுக்கும் வாய்க்கும் 50 விழுக்காடு. புத்தகத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் தனியாகப் படித்துத் தேறும் தேர்வாக இது இனி இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த மாற்றம் தோட்டப்புறப் பிள்ளைக்குப் பாதகம். வீட்டில் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பிள்ளைக்குச் சாதகம். அதில் உண்மை உண்டு. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நல்ல வாசிப்புத் திறன் வளர ஆண்டுக்கணக்கில் புத்தகம் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். பேச்சுப் பயிற்சிக்குப் பணம் வேண்டாம். நான்கு பேர், ஒரு கைக்கடிகாரம், ஒரு தலைப்பு இருந்தால் போதும். அதிகம் புள்ளி தரும் பகுதியாக இப்போது மாறியிருப்பது, செலவில்லாமல் பயிற்சி செய்யக்கூடிய பகுதி. இதை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நால்வர் அமரும் அந்த மேசை

மாணவர்கள் அதிகம் அஞ்சுவது பேச்சுத் தேர்வுக்குத்தான். நான்கு மாணவர்கள் ஒன்றாக அமர்வார்கள். எதிரே தேர்வாளர்கள் இருப்பார்கள். ஒரு சூழல் தரப்படும். முதல் பகுதியில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் தயார் செய்து, இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அடுத்த பகுதியில் நால்வரும் சேர்ந்து ஏறக்குறைய பத்து நிமிடம் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர முயல வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடியிருப்புப் பகுதியில் இளைஞர்கள் ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்க எது நல்ல வழி என்று தலைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் விளையாட்டுத் திடல் என்பார். ஒருவர் நூலகம் என்பார். மூன்றாமவர் கைத்தொழில் பயிற்சி என்பார். நான்காமவர் சமூகச் சேவை என்பார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மரியாதையாக மறுக்க வேண்டும். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரைப் பேச்சுக்குள் இழுக்க வேண்டும்.

இங்கே இலக்கணம் மட்டும் பார்க்கப்படுவதில்லை. கொடுத்த பணியை நிறைவேற்றினாரா, மொழியை எப்படிக் கையாண்டார், மற்றவர்களோடு சேர்ந்து உரையாட முடிந்ததா என்பதெல்லாம் கணக்கில் வரும். சீமை உச்சரிப்பு வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தெளிவாகப் பேசினால் போதும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பட்டம் முடித்து வேலைக்குப் போகும் இளைஞர் என்ன செய்கிறார்? நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பதாரர்களைக் குழுவாக உட்கார வைத்துக் கலந்துரையாட விடுவதும் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு கூட்டத்தில் மேலாளரின் யோசனை சரிவராது என்பதை நயமாகச் சொல்ல வேண்டியிருக்கும். இவை அனைத்தும் அந்த மேசையில் நடந்தவைதான். மூவெட் பேச்சுப் பயிற்சி, பல மாணவர்களுக்கு வாழ்க்கையில் முதல் நேர்முகத் தேர்வு ஒத்திகையாக அமைகிறது.

எழுத்துப் பகுதியும் அப்படித்தான். முதல் கேள்வியில் ஒரு மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ குறைந்தது 100 சொல்லில் பதில் எழுத வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. இரண்டுக்கும் சேர்த்து 75 நிமிடம். ஒரு மின்னஞ்சலில் கேட்ட எல்லாவற்றுக்கும் விடுபடாமல் பதில் எழுதுவது சின்ன விஷயமாகத் தெரியும். அலுவலகத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் இதன் பலன் தெரியத் தொடங்கும். மூவெட்டில் குறைந்த பேண்ட் வாங்கியவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் கூடுதல் ஆங்கிலப் பாடங்கள் எடுக்கச் சொல்கின்றன. நல்ல பேண்ட் வாங்கியவர்களுக்குச் சில பாடங்களிலிருந்து விலக்கு உண்டு. மிஞ்சும் நேரத்தை அவர்கள் தங்கள் துறைக்குச் செலவிடலாம். பட்டத்துக்குப் பிறகும் கதை முடிவதில்லை. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் எழுதும் சிஎல்பி தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. கணக்காளர்கள் எழுதும் ஏசிசிஏ தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை தேடும் நம் இளைஞர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூவெட் முடிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 19 வயதில் எழுதியவருக்கு 24 வயதில் அது காலாவதியாகிவிடும். ஏறக்குறைய பட்டம் வாங்கி வேலை தேடும் நேரம். ஆகவே அந்தத் தாளை மட்டும் குறிவைத்துப் படித்தவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்தத் தாளுக்காகச் செய்த பயிற்சிக்குக் காலாவதித் தேதி கிடையாது.

மனப்பாடம் கைகொடுக்காது

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரமும் வந்துவிடும். "இரண்டு நாளில் பேண்ட் 4" என்ற வகையில் ஆசை காட்டும் விளம்பரங்களைச் சமூக ஊடகங்களில் பார்க்கிறோம். நல்ல ஆசிரியர்கள் நடத்தும் வகுப்புகளும் இருக்கின்றன. மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வரி, முடிவு வரி, நடுவில் பொருத்த வேண்டிய அலங்காரச் சொற்கள் என்று அச்சில் வார்த்த மாதிரி மனப்பாடம் செய்ய வைப்பவர்களிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

தனியாகப் பேசும் இரண்டு நிமிடத்தில் மனப்பாடம் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். கலந்துரையாடலில் அது முதல் நிமிடத்திலேயே அறுந்துவிடும். எதிரே இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதைக் கேட்காமல், தான் உருப்போட்டதை ஒப்பிப்பவர் உரையாடலில் தனியாகத் தெரிவார். இந்தத் தேர்வில் மதிக்கத்தக்க அம்சமே இதுதான். உண்மையான திறனை வளர்த்துக்கொள்வதைத் தவிர வேறு குறுக்கு வழியை அது எளிதில் அனுமதிப்பதில்லை.

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உள்ள பலம்

தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் ஆங்கிலம் வரவில்லை என்ற பேச்சு அவ்வப்போது எழும். அதை அப்படியே ஏற்பதற்கில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மேடை புதிதல்ல. கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி என்று சின்ன வயதிலிருந்தே கூட்டத்தின் முன் நின்றவர்கள் அவர்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது, குரலை ஏற்றி இறக்குவது, நேரத்துக்குள் முடிப்பது ஆகியவை மொழிக்கு மொழி மாறுவதில்லை. தாய்மொழியில் ஒரு கருத்தை வரிசையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அதே வரிசை ஆங்கிலத்திலும் உதவும். குறைவது சொற்களும் பழக்கமும்தான்.

ஆனால் இங்கே ஒரு திருத்தம் தேவை. நம் பேச்சுப் போட்டிகளில் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து பேசுகிறது. தலைப்பை மேடையிலேயே கொடுத்து, இரண்டு நிமிடம் யோசிக்க விட்டு, சொந்தமாகப் பேசச் சொல்லும் போட்டிகள் குறைவு. தமிழிலேயே இதைத் தொடங்கினால் அந்தப் பிள்ளை ஆறாம் படிவம் போகும்போது பாதிக் கிணறு தாண்டியிருக்கும். ஆங்கிலத்துக்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை.

நியாயமான குறைகளும் உண்டு

இந்த நிபந்தனையால் பலன் உண்டு என்று சொல்வதால், அது அமலாகும் விதம் முழுவதும் சரி என்று ஆகிவிடாது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது கேட்க நியாயமாக இருக்கும். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். மிகக் குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. அங்கே ஆங்கில ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால், அடுத்தவர் வரும்வரை இழக்கும் மாதங்களின் விலையைப் பிள்ளை 19 வயதில் கட்டுகிறது.

எஸ்டிபிஎம் மாணவர்களுக்குச் சுமையும் அதிகம். 2012 முதல் எஸ்டிபிஎம் மூன்று தவணைகளாக நடக்கிறது. தவணைத் தேர்வுகளுக்கும் இடுபணிகளுக்கும் நடுவில் மூவெட்டுக்கும் தயாராக வேண்டும். கணினி வழி நடக்கும் மூவெட் தேர்வும் இப்போது இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டணம் கூடுதல். பேண்ட் போதாமல் திரும்பத் திரும்ப எழுதும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு முறையும் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் கையைக் கடிக்கும்.

வாசலில் காவல் போடும் அரசாங்கம், வாசலுக்கு வரும் பாதையையும் செப்பனிட வேண்டும். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை இல்லாத புறநகர்ப் பள்ளிகள், ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இலவசப் பேச்சுப் பயிற்சி, வசதி குறைந்தவர்கள் மறுமுறை எழுதக் கட்டணச் சலுகை ஆகியவற்றை நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் கேட்க வேண்டும். நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று கேட்பதைவிட இதனால் நமக்கு நன்மை அதிகம். இன்று அளவைக் குறைத்து உள்ளே விட்டால், நான்கு ஆண்டு கழித்து வேலைச் சந்தை அதே பிள்ளையை வெளியே நிறுத்தும். அங்கே மறுதேர்வு கிடையாது.

வீட்டிலும் ஊரிலும் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது, தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மூவெட் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. பதிவு செய்யும் காலம் தேர்வுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பிள்ளை ஆறாம் படிவத்தில் சேர்ந்த அன்றே, எந்தத் தவணையில் முதல் முறை எழுதுவது, போதாவிட்டால் எந்தத் தவணையில் மறுமுறை எழுதுவது என்று திட்டமிட வேண்டும். கடைசி வாய்ப்பில் முதல் முறை எழுதுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

இரண்டாவது, விரும்பும் துறைக்கு எந்த பேண்ட் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்துவத் தளத்தில் பாருங்கள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அண்ணன் காலத்தில் இருந்த கணக்கு தம்பிக்குப் பொருந்தாது.

மூன்றாவது, நால்வர் குழு. ஒரே தாமானிலோ ஒரே பள்ளியிலோ இருக்கும் நான்கு மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு மணி நேரம் கூடட்டும். அன்றைய நாளிதழில் வந்த ஒரு செய்தியைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடம் தயாரிப்பு, இரண்டு நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கலந்துரையாடல். கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் கேட்கட்டும். ஒரே விதிதான்: யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆறு மாதம் இதைச் செய்தால் ஏறக்குறைய ஐம்பது முறை அந்த மேசையில் அமர்ந்த பழக்கம் வந்திருக்கும். தேர்வு நாள் அவர்களுக்கு ஐம்பத்து ஒன்றாவது முறை.

நான்காவது, இடம். ஆலய மண்டபமும் இளைஞர் மன்றக் கட்டடமும் வாரத்தில் பெரும்பாலான மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு மின்விசிறி, ஒரு மேசை, நான்கு நாற்காலி போதும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவோ அண்ணனோ விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மரியாதையோடு அழைத்தால் மறுக்க மாட்டார்கள். விருந்துக்கும் மாலைக்கும் செலவிடும் இயக்கங்கள், அதில் ஒரு சிறு பகுதியை ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம்.

ஐந்தாவது, தாமதிக்காதீர்கள். ஆறாம் படிவத்தில் தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும். நான்காம் ஆண்டுப் பிள்ளை தினமும் ஒரு பக்கம் ஆங்கிலக் கதையைச் சத்தமாக வாசித்தால் அது மூவெட்டுக்கான முதல் பாடம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கதை? தமிழில் சொல்லு" என்று கேட்டாலே போதும். புரிந்து வாசித்ததா என்பது தெரிந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மூவெட் உங்களை மட்டம் தட்டுவதற்காக வைக்கப்பட்ட தேர்வு அல்ல. அறிமுகமில்லாதவர் முன் உட்கார்ந்து, உங்கள் மனத்தில் உள்ளதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல முடிகிறதா என்று அது கேட்கிறது. பட்டம், வேலை, பதவி உயர்வு என்று வாழ்க்கை பலமுறை இதே கேள்வியைக் கேட்கும். தவறினால் மறுபடி எழுத வாய்ப்புத் தரும் இடத்திலேயே அதற்குப் பதில் சொல்லிப் பழகுவது புத்திசாலித்தனம். அடுத்த தவணைக்குப் பதிவு எப்போது தொடங்குகிறது என்று இந்த வாரமே பள்ளியில் கேளுங்கள். உங்களோடு சேர மூன்று நண்பர்களையும் இப்போதே தேடத் தொடங்குங்கள்.